அன்னபூரணியும் தாகித்தித் தீவும்

பசுபிக் சமுத்திரத்திலே வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர்த் தீவு என்னும் மூன்று எல்லைகளுக்குள் அடங்கிய தீவுக் கூட்டம் பொலினீசியா எனப்படும். அத்தீவுகளுள் உல்லாசப் பிரயாணிகளின் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது தாகித்தி. பச்சை மலை, பவளப் பாறை, தென்னஞ்சோலை, ஆடல் பாடல் ஆகியவற்றை நாடி மேனாட்டார் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே சென்று வந்துள்ளனர். பூமியின் மறுபுறத்தே கிடக்கும் அத்தீவுக்கும் ஈழத் தமிழருக்கும் யாது தொடர்பு என வினவலாம். வல்வெட்டித்துறைக் கரையிலே தமிழ் மேத்திரிமார் கட்டிய பாய்க்கப்பலொன்று அத்தீவுவரை சென்றது என்பதே விடை. அக்கப்பலின் கதை வன்னிக் கரையில் வாழ்வோர்க்கும் ஒரு படிப்பினை தருவதாகும்.

ஐரோப்பியருள் முதன்முதலாகத் தாகித்தியை அடைந்தவர் ஆங்கிலேயரான சாமுவேல் வொலிஸ். அது 1767ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டில் அங்கு வந்த பிரெஞ்சுக்காரரான பூகன்வில், கிரேக்கரின் காதற்றெய்வம் தோன்றிய தீவை நினைந்து, அதனைப் புதிய சித்தேரா என அழைத்தார். அத்தீவுக்கு அதன் மக்கள் இட்ட பெயர் முன்னரே இருந்தது. எனினும், வந்தவர் தாம் கற்ற நூல்களிற் கண்ட சொர்க்கத்தையே அங்கேயும் கண்டனர். 1891ஆம் ஆண்டில் ஓவியர் போல் கோகன் அங்கு சென்றதும் அக்கனவின் தொடர்ச்சியே எனலாம்.

கனவு கண்டோரின் கண்ணிற் பெரிதும் படாத செல்வம் ஒன்று அத்தீவினரிடம் இருந்தது. அது கடலறிவு. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை அவதானிப்பதற்காக 1769இல் தாகித்திக்கு வந்த கப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பலில், துப்பாயா என்னும் தீவுப் பூசகர் உடன் சென்றார். விண்மீன், அலை, காற்று ஆகியவற்றைக் கொண்டு திசையறிந்த அவர், பல தீவுகளின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று உருவாக உதவினார். நியூசிலாந்து மக்களுடன் அவராற் பேசவும் முடிந்தது. 1770இல் பத்தாவியாவில் அவர் நோயுற்று இறந்தார். குக்கின் புகழ் உலகெங்கும் பரவியது. துப்பாயாவின் பெயரோ நெடுங்காலம் அறிஞர் சிலரின் குறிப்புகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

இனி, நம் நாட்டுக் கதையைக் காண்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுதலிலும் செலுத்துதலிலும் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்க் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்குஞ் சென்று, அரிசி, ஓடு, தேக்கு முதலியவற்றை ஏற்றி வந்தன. அவற்றைச் செலுத்திய தண்டையல்மார் பருவக்காற்றையும் விண்மீனையும் நன்கறிந்தவர்கள். கப்பல் கட்டிய மேத்திரிமார் பரம்பரையாகக் கைக்கு வந்த அளவுகளைக் கொண்டே பெருங்கலங்களை உருவாக்கினர். இவ்வாறு வேப்பமரத்தாற் கட்டப்பட்ட, ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள கப்பலே அன்னபூரணி அம்மாள்.

வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர், 32 அடி நீளமுள்ள சுவாப் என்னும் சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். அப்பிரயாணத்தின்போது தாகித்தி அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அத்தீவைச் சேர்ந்த எத்தெரா என்பவரைத் தம் கலத்திற் பணியாளராகவும் துணைவராகவும் அவர் அழைத்துச் சென்றார். கப்பற்கலையை நன்கறிந்த அவர், 1930களின் நடுப்பகுதியில் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்கு புளோறன்ஸ் சி. றொபின்சன் எனப் புதுப் பெயரும் இட்டார். 1937இல் அது மேற்கு நோக்கிப் பாய் விரித்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வைக் கடலோடிகளும் அதிற் சென்றனர். செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 1ஆம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறையை அது அடைந்தது. அத்திலாந்திக்கின் பெருங்கடலலையைத் தாங்கிய அதன் உறுதியே அதனைக் கட்டியவர்களின் திறமைக்குச் சான்று.

கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில், 22 வயதே நிரம்பிய ஸ்ரேளிங் ஹேடன் என்னும் இளைஞர் அக்கப்பலுக்குத் தலைவராகிக் குளொஸ்ரரிலிருந்து தாகித்திக்கு அதனைக் கொண்டு சென்றார். அத்தூரம் ஏறக்குறைய 7,700 மைல். அவர் தலைமை தாங்கிச் செலுத்திய முதற் கப்பல் அதுவே. ஹேடன் பின்னர் ஹொலிவூட் நடிகராகப் பெரும்புகழ் பெற்றார். 1959இல் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீண்டும் அவர் தாகித்திக்கே பாய்க்கப்பலிற் சென்றமை அத்தீவின் கவர்ச்சியை உணர்த்தும். றொபின்சனும் 1945இல் வறுவா என்னுங் கப்பலிற் சென்று அங்கேயே குடியேறி, தீவினரை வாட்டிய யானைக்கால் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவினார்.

ஹேடனின் வரலாற்றைக் கூறுவோர் அக்கப்பலின் அமெரிக்கப் பெயரையே பெரும்பாலுங் கூறுவர். பாய்ச்சீலைக்கு அடியில் இருந்த மரமும், அம்மரத்தை வடித்த கையும் எவருடையவை என்பது அங்கே தெரியவராது. றொபின்சன் இக்கப்பலை மதித்தமையாலேயே விலைகொடுத்து வாங்கினார் என்பதை மறத்தலாகாது. ஆயின், எழுதுகோல் எவர் கையில் உண்டோ அவர் இட்ட பெயரே வரலாற்றில் நிலைக்கும். துப்பாயாவுக்கு நேர்ந்ததும் அன்னபூரணிக்கு நேர்ந்ததும் ஒன்றே.

பொலினீசியர் தம் நிலையைப் பின்னர் மாற்றிக்கொண்டனர். அவர்கள் கிழக்கே தென்னமெரிக்காவிலிருந்து மிதந்து வந்தோராகலாம் என்று காட்ட முனைந்து, 1947இல் தோர் ஹையர்டால் கொன்-ரிக்கி என்னுந் தெப்பத்திற் பிரயாணஞ் செய்தார். 1956இல் அன்ட்றூ சாப் என்பார், தொலைதூரத் தீவுகளை அவர்கள் எதேச்சையாகவே அடைந்திருத்தல் கூடும் என எழுதினார். இக்கூற்றுகளுக்கு விடையாக ஹொக்குலேயா என்னும் இரட்டைத் தோணி ஹவாயிலே கட்டப்பட்டது. 1976இல், கருவி எதுவுமின்றி, மைக்குறோனீசியாவைச் சேர்ந்த மௌ பியைலுக் என்னும் மாலுமி விண்மீனையும் அலையையும் பார்த்து அதனைத் தாகித்திக்கு வழிநடத்தினார். பப்பியேற்றித் துறையில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு அதனை வரவேற்றனர். எஞ்சியிருந்த கடலறிவைக் கேட்டறிந்து கற்றமையால் ஓரினம் தன் வரலாற்றைத் தானே மீட்டுக்கொண்டது.

வல்வையின் பாய்க்கப்பற்றொழிலோ நீராவிக் கப்பல்களின் போட்டியாலும், இரண்டாம் உலகப் போராலும், பின்னர் வந்த வாணிபக் கட்டுப்பாடுகளாலும் நலிந்து மறைந்தது.

வன்னிக்கு இதில் உள்ள பங்கு யாது? 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய விரிவான நூலை எழுதியவர் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி. இந்நாட்டைக் காண வந்தவர் எழுதிய ஏடே இன்றும் நமக்கு முதல் மேற்கோளாகின்றது. 2009இல் யுத்தம் முடிந்தபின் வெளியூர்ப் பிரயாணிகள் பலர் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தனர். 2006 திசம்பரில் அரிசியுடன் கரையொதுங்கிய பாரா 3 என்னும் யோர்தான் கப்பலின் எலும்புக்கூட்டை அவர்கள் நின்று பார்த்துப் படம் பிடித்தனர். அக்கரையிலே தலைமுறை தலைமுறையாகத் தோணி தள்ளியோர் கடலைப் பற்றி அறிந்தவை எவை என்று கேட்டோர் சிலரே.

காண வருவோரைக் குறைகூறிப் பயனில்லை. விருந்தினர் வருதல் ஓர் ஊருக்குச் சிறப்பே. ஆயின், விருந்தினர்க்குத் தம் ஊரின் கதையைச் சொல்லும் பொறுப்பு ஊரவருடையது. முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறு, நாச்சிக்குடாக் கரைகளிலுள்ள முதியோர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் விண்மீனுக்கும் வழங்கும் பெயர்களை மாணவர் இன்றே எழுதி வைத்தல் வேண்டும். அச்சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவை ஏட்டில் ஏறுமாயின், நாளை இக்கரைக்கு வருவோர் மணலையும் அலையையும் கண்டு மகிழ்வதோடு, அவற்றை ஆண்ட மக்களையும் அறிந்து செல்வர்.