எதிர்ப்பொருள் உரைத்த உண்மை

பகைவன் வந்துபோன இடத்தில் அவனுடைய காலடிச் சுவடு பதிந்திருப்பதைப் போல, நோய்க்கிருமி புகுந்த உடலிலும் ஓர் அடையாளம் தங்கிவிடுகிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். கிருமியைப் பற்றிக்கொள்வதற்கென்று நம் உடலே ஆக்கிக்கொள்ளும் புரதம் அது. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய ஒன்றையே இனங்கண்டு பற்றும். இக்குணத்தைத் துணைக்கொண்டுதான் நம் நாட்டு மருத்துவ வரலாற்றின் ஒரு பெரிய உண்மை தமிழகத்தில் வெளிப்பட்டது.

எய்ட்ஸ் என்னும் நோயை அமெரிக்க மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டு முதன்முதலாக விவரித்தனர். அதற்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியைப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் 1983இல் கண்டனர். 1985இல் ரத்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்தது. அந்நோய் நம் நாட்டை எட்டாது என்று அப்போது எண்ணியவர் பலர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணி வாளாவிருக்கவில்லை. மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இவ்வாராய்ச்சியை ஒப்படைத்தார்.

நிர்மலா, பாலியல் தொழிலில் சிக்கிக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்தும் பிறரிடமிருந்தும் எண்பதுக்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைப் பாதுகாக்கத் தனி வசதி இன்மையால் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தார். சோதிக்கும் வசதியும் அப்போது சென்னையில் இல்லை. ஆகவே 1986 பிப்ரவரியில் பனிக்கட்டிப் பெட்டியுடன் ரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் இருந்தார்; சோதனைக் கருவியும் இருந்தது.

சோதனை நடைபெறும் விதம் எளிது. சிறு குழிகள் கொண்ட தட்டில் கிருமியின் புரதத்தை முதலில் படியவைப்பார்கள். அதன்மேல் ரத்தத்தின் தெளிநீரை விடுவார்கள். அதில் எச்.ஐ.வி.க்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் கழுவும்போது போய்விடும். பின்னர், மனித எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். அதனுடன் பிணைந்த நொதி நிறத்தை உண்டாக்கும். அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின. மீண்டும் எடுத்த ரத்தம் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, முடிவு உறுதியாயிற்று. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

கிருமி வந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் அது உயிரணுவுக்குள் எந்த வாயிலால் நுழைகிறது? 1996இல் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. உடலில் புண்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைக்கும் ரசாயனத் தூதர்களுக்குக் கெமோகைன் என்று பெயர். அத்தூதரை ஏற்பதற்கென வெள்ளணுவின் மேற்பரப்பில் அமைந்த ஏற்பிகளுள் ஒன்று சி.சி.ஆர்.5. இவ்வேற்பியையே கிருமி தன் நுழைவாயிலாக்கிக்கொள்கிறது என அறிந்தனர். பிறப்பிலேயே இவ்வேற்பி அமையாத சிலரை இக்கிருமி எளிதில் பற்றுவதில்லை.

இவ்வாயிலைக் காட்டிக்கொடுப்பதும் எதிர்ப்பொருளே. 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களைக் கொண்டு ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் முறையைக் கண்டனர். அவ்வாறு ஆக்கிய எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்தால், சி.சி.ஆர்.5 உள்ள அணுக்களில் மட்டும் அது ஒட்டி ஒளிரும். எத்தனை அணுக்களில் வாயில் உண்டு என எண்ணலாம். இது மருந்தன்று, ஆராய்ச்சிக் கூடத்தின் கண். இத்தகைய அறிவின் பயனாக, அவ்வாயிலை அடைக்கும் மராவிராக் என்னும் மருந்து 2007இல் வந்தது.

எனினும் எதிர்ப்பொருள் உரைக்காத உண்மையும் ஒன்றுண்டு. ரத்தம் கொடுத்த அப்பெண்களுக்குச் சோதனை எதற்கென்பது சொல்லப்படவில்லை. நாட்டுக்கு எச்சரிக்கை தந்த அவர்களை நாடு பெயரறிந்து போற்றவில்லை, அஞ்சியே விலக்கியது. அந்த அச்சத்தைப் போக்கவே டாக்டர் சுனிதி 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தை நிறுவி, 2015இல் மறையும்வரை நோயுற்றோருக்குத் துணைநின்றார். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கிடைக்கலாயிற்று. ஒருவரது ஒப்புதலின்றிச் சோதித்தலும், அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலும் கூடா என 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

மைசூர் ராமாபுரத்திலாயினும் மும்பையிலாயினும், பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. நோய் வந்தால் ‘வெளியூரார் கொண்டுவந்தது’ என்னும் பழி முதலில் நம்போன்றோர் மீதே விழும். கிருமிக்கு ஊருமில்லை, மொழியுமில்லை. ஐயம் எழுந்தால் அரசுப் பரிசோதனை நிலையத்தை நாடுவோம். சோதனை காட்டுவது ரத்தத்தின் நிலையை மட்டுமே. மனிதரின் தகுதியை அளக்கும் சோதனை எதுவும் இல்லை.