நல்ல தந்தை என்னும் பெயர் பெற்ற ஆலை முதலாளி

2025ஆம் ஆண்டு மே மாதம் புதிய திருத்தந்தை லியோ என்னும் பெயரை ஏற்றார். தொழிலாளர் நிலை குறித்து 1891இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்ட 13ஆம் லியோவின் நினைவும் அதற்கு ஒரு காரணம் என்று அவரே விளக்கினார். நம் முன்னோர் சிங்கராயர் என்று தமிழில் அழைத்து மகிழ்ந்த திருத்தந்தை அவர். தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளில் அவருடைய மடலை மறையுரைகளில் நினைவுகூர்கிறோம். ஆனால், மடல் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதன் கருத்துகள் பலவற்றைத் தம் ஆலையில் நடத்திக் காட்டிய ஒரு பொதுநிலையினரை நம்மில் பலர் அறிந்திலோம். அவர் பெயர் லெயோன் அர்மெல்.

பிறரைக் கொண்டு வேலை செய்விக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு எத்தகைய குணங்கள் வேண்டும் என்னும் வினா ஆலைக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் உரியதன்று. பள்ளியில், மருத்துவமனையில், பங்கில் என எங்கும் எழுவது அது. இவ்வினாவுக்கு விடை தேடும் நமக்கு அர்மெலின் வாழ்வு துணை செய்யும்.

ஆற்றங்கரையில் ஓர் ஆலை

பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகருக்கு அருகே, சுவீப் என்னும் சிற்றாற்றின் கரையில், வால்-தெ-புவா என்னும் இடத்தில் 1840ஆம் ஆண்டு ஒரு கம்பளி நூற்பாலை எழுந்தது. அக்காலத் தொழிலாளரின் நிலை இரங்கத்தக்கது. ஆலைகளில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்று பிரான்சில் சட்டம் பிறந்ததே 1841இல்தான். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையோ 1884 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய காலத்தில் ஆலையை நிறுவிய ஜாக் ஜோசப் அர்மெல் தொழிலாளர்பால் பரிவு காட்டினார். அவர்கள் அவரை 'நல்ல தந்தை' என்றே அழைத்தனர். 1829இல் பிறந்த அவர் மகன் லெயோன், 1854இல் ஆலைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பின்னாளில் தந்தையின் சிறப்புப் பெயர் மகனுக்கும் வந்து சேர்ந்தது.

லெயோனிடம் நாம் காணும் முதற்பண்பு உடனிருத்தல். அவர் நகரத்து மாளிகையில் அமர்ந்துகொண்டு கணக்குப் புத்தகத்தின் வழியாக ஆலையை அறிந்தவர் அல்லர். அவர் குடும்பம் ஆலையை ஒட்டியே வாழ்ந்தது. தொழிலாளர் கேட்ட ஆலைச் சங்கொலியே அவர் வீட்டாருக்கும் காலையை உணர்த்தியது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

தம் தொழிலாளர் வேதத்தை விட்டு விலகி நிற்பதைக் கண்டு லெயோன் வருந்தினார். 1860களில் ஆலையருகே சிற்றாலயம் எழுந்தது, அருள்சகோதரிகள் வந்தனர். ஆயினும் முதலாளி சொல்கிறார் என்பதற்காக மக்கள் கோயிலுக்கு வருவதில் பொருளில்லை என்பதை அவர் உணர்ந்தார். மேலிருந்து கட்டளையாக இறங்கும் நன்மை உள்ளத்தில் வேர் கொள்வதில்லை. எனவே ஆண்கள், பெண்கள், இளைஞர் என ஒவ்வொரு பிரிவினருக்கும் சங்கங்கள் அமைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பைத் தொழிலாளர் கையிலேயே ஒப்படைத்தார். தொழிலாளருக்கு நற்செய்தியைக் கொண்டு செல்லத் தொழிலாளரே தக்கவர் என்பது அவர் கண்ட உண்மை.

இதிலிருந்தே அவருடைய வாழ்நாள் கொள்கை உருவாயிற்று. தொழிலாளரின் நலன் தொழிலாளராலேயே, அவர்களுடன் கூடியே ஆகவேண்டும். அவர்களை விலக்கி ஒருபோதும் ஆகாது. அவர்கள் விருப்பத்துக்கு மாறாக என்பதோ எண்ணவும் தகாதது என்று அவர் இடைவிடாது வலியுறுத்தினார். நன்மை செய்ய விழையும் தலைவருக்கு இது கடினமான துறவு. பொருளைத் துறப்பதினும், எல்லாம் நம் கையாலேயே நடக்கவேண்டும் என்னும் ஆசையைத் துறப்பது அரிது.

துன்பங்களும் அவரைத் தேடி வந்தன. 1870இல் மனைவியை இழந்தார். 1874இல் பெருந்தீ ஆலையை அழித்தது. அவர் கலங்கி நின்றுவிடவில்லை. ஆலையை மீண்டும் எழுப்பினார்.

கேட்கும் செவி

அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவர் செய்த துணிவான செயல் ஆலை மன்றம் அமைத்ததாகும். தொழிலாளர் தம்முள் தேர்ந்தெடுத்த பேராளர்கள் நிர்வாகத்தோடு ஒன்றாய் அமர்ந்து, வேலை ஒழுங்கு, விபத்துத் தடுப்பு, துப்புரவு, தொழில் பயிலும் சிறுவர், கூலி ஆகியவை பற்றிப் பேசினர். ஆலையின் வருமானத்துக்குள் நின்று, வறிய பெரிய குடும்பங்களின் தேவையை ஈடுசெய்யக் குடும்ப உதவி நிதியும் ஏற்பட்டது. செய்த வேலைக்குரிய கூலியோடு, வீட்டில் உள்ள வாய்களையும் நினைவில் வைத்த ஏற்பாடு அது.

பிற முதலாளிகள் இதனை விரும்பவில்லை. கத்தோலிக்க முதலாளிகளிலும் பலர், குறிப்பாக வடபிரான்சின் ஆலை அதிபர்கள், தொழிலாளரை ஆலோசனைக்கு அழைத்தால் முதலாளியின் அதிகாரம் குன்றிவிடும் என்று அஞ்சினர். அர்மெலின் அனுபவம் வேறாக இருந்தது. கேட்கப்பட்டவன் கேட்கத் தொடங்குகிறான். மதிக்கப்பட்டவன் பொறுப்பேற்கிறான் என்பதை அவர் தம் ஆலையில் கண்டார்.

தம் தொழிலாளரைத் திரு அவையும் நேரில் காணவேண்டும் என்று அவர் விழைந்தார். 1885இல் முதலாளிகள் குழுவொன்றை உரோமைக்கு அழைத்துச் சென்றார். 1887இல் ஏறத்தாழ 1,800 தொழிலாளர் சென்றனர். 1889இல் அத்தொகை 10,000 ஆக உயர்ந்தது. உழைத்துக் காய்த்த கைகளைத் திருத்தந்தை சிங்கராயர் கண்முன்னே கண்டார். இரண்டாண்டுகளுக்குப் பின் சுற்றுமடல் பிறந்தது. அம்மடலுக்குப் பலருடைய சிந்தனை உரமாயிற்று. அவர்களுள் இந்த ஆலை முதலாளிக்கும் உரிய இடம் உண்டு.

குறையும் நிறையும்

அர்மெலிடம் குறை இல்லாமல் இல்லை. மன்றம் ஆலோசனை கூறியது. முடிவு முதலாளியிடமே இருந்தது. ஆலையும் வீடும் கோயிலும் ஒரே குடும்பத்தின் நிழலில் நின்றதால், மாறாக எண்ணுபவர் வாய்திறக்கத் தயங்கியிருக்கக்கூடும். 'தந்தை' என்னும் சொல்லிலேயே ஓர் இடர் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர் என்பதைத் தந்தையர் காலந்தாழ்த்தியே ஒப்புக்கொள்கின்றனர். அர்மெலின் பெருமை, அப்பட்டத்தைப் பெற்ற பின்னும் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வழிவிட முயன்றதில் உள்ளது. முதல் உலகப் போரில் அவர் ஊர் செருமானியப் படையின் கையில் இருந்த வேளையில், 1915 நவம்பரில், நீஸ் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1945இல், பெரிய நிறுவனங்களில் தொழிலாளர் பங்குபெறும் குழுக்கள் வேண்டும் என்று பிரான்சு அரசே விதித்தது. நிறுவனத்தின் வாழ்வில் தொழிலாளர் பங்கேற்க வேண்டும் என்பதைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பரும் 1961இல் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார்.

இவற்றை எழுதுகையில் நம் நெஞ்சு உறுத்துகிறது. நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். ஐப்பசி மழையில் அந்த மூலைக்குத்தான் தண்ணீர் இறங்கிவரும், அடியில் வழி விடவேண்டும் என்று வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் சொன்னார். திருவிழாவுக்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில் நாம் அதனைச் செவிமடுக்கவில்லை. பங்குப் பேரவையையும் எல்லாம் முடிவான பின்னரே கூட்டினோம், அவர்களும் தலையசைத்தனர். அவ்வாண்டு மழையில் சுவர் சரிந்தது. மறுநாள் காலை அப்பெரியவர் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து, சேற்றில் கிடந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார். அவர் நம்மைக் கடிந்திருந்தால் அத்துணை வலித்திராது. நாம் குருமடத்தில் கற்ற தலைமை இலக்கணம் அனைத்தும் அந்தச் செங்கல் அடுக்கின் முன் நாணி நின்றது.

அர்மெலின் ஆலைக்கு விடுமுறைக் காலங்களில் குருமாணவர்கள் வந்து தங்கித் தொழிலாளரின் வாழ்வைக் கற்றனர் என்பது வரலாறு. குருக்களாகப் போகிறவர்கள் உழைப்போரிடம் பாடம் கேட்கவேண்டும் என்று ஒரு முதலாளி நினைத்தாரே, அதுவே அவருடைய தாழ்ச்சிக்குச் சான்று.

இதனை வாசிப்போரில் மேற்பார்வையாளர் இருக்கலாம், தலைமையாசிரியர் இருக்கலாம், நான்கு பேரை வைத்துத் தச்சுப்பட்டறை நடத்துபவரும் இருக்கலாம். நம் ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்தபோது அவர்களுடைய முகங்களை அண்ணாந்தே பார்த்திருப்பார். நம் கீழே வேலை செய்கிறவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஒருவரை நாளைக் காலை அழைத்து, இந்த வேலையை எப்படிச் செய்யலாம் என்று உண்மையாகவே கேட்போம். கேட்டபின், அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருப்போம்.