திருகாணியும் இசைத்தட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்திலே, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் மாநகரில், 1990-களின் மாலை வேளைகளில் ஒரு வீட்டு வாயிலின் முன்னே மோட்டார் வண்டிகள் நீண்ட வரிசையாய் நிற்பதுண்டு. அங்கே போதைப்பொருள் வாணிபம் நடைபெறுகின்றதோ எனப் பொலிசாரும் ஐயுற்றனர். விற்கப்பட்டவையோ சாம்பல் நிற ஒலிநாடாக்கள்.

அவ்வீட்டுக்குரியவர் ரொபர்ட் ஏர்ல் டேவிஸ் என்பவர். 1971-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் பிறந்து, ஸ்மித்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் லொறிச் சாரதி. தாயாரின் இசைத்தட்டுகளே மைந்தருக்குப் பாடநூல்களாயின. தமக்குப் பிடியாத தட்டுகளைத் திருகாணியாற் கீறிவிடுவாராம். அதுகண்டு நண்பர் ஒருவர் இட்ட பெயரே ‘டீ. ஜே. ஸ்குரூ’ என்பது.

தாளத்தோடு சொல்லடுக்கி உரைக்கும் ஹிப்-ஹொப் இசை, 1970-களில் நியூயோர்க்கின் கறுப்பின மக்களிடையே தோன்றியது. அதனை விற்ற பெருங் கம்பனிகள் நியூயோர்க்கையும் லொஸ் ஏஞ்சல்சையுமே நோக்கின. தென்னாட்டு இளைஞரைப் பொருட்படுத்தினாரில்லை. ஸ்குரூ அக்கம்பனிகளின் வாயிலிற் காத்துக் கிடக்கவுமில்லை.

அவர் கையாண்ட முறை எளியது. ஒரே பாடலின் இரு தட்டுகளை இரு சுழல்மேசைகளில் இட்டு, ஒன்றை மற்றதற்கு ஓரடி பின்னாக ஓடவிடுவார். இதிலிருந்து அதற்கு மாறுகையில் ஒரு சொல் இருமுறை ஒலிக்கும். பின்னர் முழுவதையும் நாடாவில் வேகங்குறைத்துப் பதிவார். வேகங் குறையவே குரல் தாழ்ந்து கனக்கும். பாடுவோன் சொல்வது கேட்போர்க்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். இருமல் மருந்தின் மயக்கமே அம்மந்த நடையைப் பிறப்பித்தது என்பாருமுளர். ஒரு கலைஞனின் உழைப்பை மருந்துக் குப்பிக்குள் அடைத்துவிடும் கூற்று அது.

அயலிலுள்ள இளைஞர் இரவிரவாக அவர் வீட்டிற் கூடி, எழுதிவையாத அடிகளை அவ்வப்போதே புனைந்துரைப்பர். ஃபற் பற், லில் கீக், பிக் போக்கி முதலியோர் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. 1996-இல் பதிவான ‘ஜூன் 27’ என்னும் நாடாவில் அரைமணிக்கு மேலாக ஒரே தாளத்தின்மீது பலர் மாறி மாறி உரைக்கின்றனர். தங்கள் தெருவின் பெயரையும் தோழரின் பெயரையும் நாடாவிற் கேட்ட பேறு அந்நகரத்தார்க்கு அங்கேயே வாய்த்தது. 1998-இல் தம் நாடாக்களை மட்டுமே விற்கும் கடையொன்றையும் அவர் திறந்தார்.

ஆயினும் அம்மருந்து அவரை விட்டுவைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், தமது ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இறந்து கிடந்தார். கோடீன் மிகையாக உடலிற் சேர்ந்திருந்தது. வயது 29.

அவர் கையாண்ட இசைத்தட்டுகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை பின்னர் ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திற்குச் சேர்ந்தன. நாடாக்களிற் சிலவற்றில் ‘பிக் ஃபுளொயிட்’ என்னும் இளைஞர் ஒருவரின் குரலும் உண்டு. 2020 மே 25-இல், மினியாபொலிஸ் நகரத் தெருவிலே பொலிஸ் அதிகாரி ஒருவரின் முழங்காலின் கீழ் உயிர்நீத்த ஜோர்ஜ் ஃபுளொயிட் அவரே.