கழகம் யாருடையது? ஃபுட்ஸ்கிரே ரசிகர்களின் கதை

மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானம் என்றால் எங்கட ஆக்களுக்கு உடனே ஞாபகம் வருவது 1995 டிசெம்பர் 26. முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டரல் ஹெயார் திரும்பத் திரும்ப நோ-போல் என்று அறிவித்த நாள் அது. அந்த மைதானத்தை நாங்கள் எப்போதும் கிரிக்கெட்டோடு சேர்த்துத்தான் பார்க்கிறோம். ஆனால் மெல்பேர்ண் ஆக்களைக் கேட்டால், வருடத்தில் அந்த மைதானம் நிரம்பி வழிகிற நாள் வேறு. செப்டெம்பர் கடைசியில் அவர்களுடைய ‘ஃபுட்டி’ இறுதிப்போட்டி அங்கேதான் நடக்கும். இலட்சம் பேர் வரை கூடுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த விளையாட்டைப் பற்றியது என்பதைவிட, அதைப் பார்க்கிற ஆக்களைப் பற்றியது. “மட்சைப் பற்றிக் கதைச்சு என்ன கிடைக்கப்போகுது?” என்று வீட்டில் பேச்சு வாங்காதவர்கள் எங்களில் குறைவு. பயிற்றுநர் செய்தது சரியா, அந்தப் பெடியனை ஏன் எடுத்தவங்கள், இந்த முறை கப் அடிக்க ஏலுமா ஏலாதா என்று சாமம் தாண்டியும் கதைக்கிறது வெட்டி வேலையா? மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற ஃபுட்ஸ்கிரே என்ற ஊரின் கதையை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

ஆட்டமும் ஊரும்

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். நாலு கால்பகுதியாக ஆட்டம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கும் இடையால் உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியால் போனால் 1 புள்ளி. பந்தைக் கையால் எறியக்கூடாது. உதைக்கலாம், இல்லாவிட்டால் ஒரு கையில் வைத்து மற்றக் கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். ஓஃப்சைட் விதி கிடையாது. ஆட்டம் ஓடும்போது யார் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால், யாரை எங்கே நிறுத்துவது என்ற வாதத்துக்கு முடிவே இல்லை.

ஃபுட்ஸ்கிரே தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஊர். ஐரோப்பாவில் இருந்தும், 1970களின் கடைசியில் இருந்து வியட்நாமில் இருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறிய இடம். அந்த ஊர்க் கழகம் 1925 இல் விக்டோரிய லீக்கில் சேர்ந்தது. அதன் பட்டப்பெயர் புல்டோக்ஸ். வெஸ்டேர்ண் ஓவல் என்ற அவர்களுடைய மைதானம் காற்றுக்குப் பேர்போனது. எந்தக் கால்பகுதியில் காற்று யார் பக்கம் வீசும், நாணயச் சுழற்சியில் வென்றால் எந்த முனையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பயிற்றுநருக்கு மட்டும் தெரிந்த இரகசியம் இல்லை. மழையில் நனைந்துகொண்டு நின்று பார்த்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது.

1954 இல் அவர்கள் முதன்முதலாகச் சம்பியன் ஆனார்கள். இறுதிப்போட்டியில் மெல்பேர்ண் அணியை 51 புள்ளிகளால் வென்றார்கள். 1961 இல் மறுபடியும் இறுதிப்போட்டிக்கு வந்து தோற்றார்கள். அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்புத்தான்.

1989: மூன்று வாரம்

1980களில் லீக் மாநில எல்லையைத் தாண்டி நாடு முழுக்கப் பரவத் தொடங்கியது. 1982 இல் சவுத் மெல்பேர்ண் கழகம் சிட்னிக்குப் போனது. 1987 இல் பேர்த்திலும் பிரிஸ்பேனிலும் புது அணிகள் வந்தன. தொலைக்காட்சியும் விளம்பரமும் பெருகின. ஒரே நகரத்துக்குள் இத்தனை கழகங்கள் தேவையில்லை என்ற கணக்கு மேலிடத்தில் வந்தது. கடனில் இருந்த, வெற்றி குறைந்த, வசதி குறைந்த ஊர்க் கழகங்கள்தான் அந்தக் கணக்கில் முதலில் அகப்பட்டன.

1989 ஒக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. ஃபுட்ஸ்கிரேயும் ஃபிட்ஸ்ரோய் என்ற இன்னொரு கழகமும் ஒன்றாக இணைக்கப்படும், புது அணியின் பெயர் ‘ஃபிட்ஸ்ரோய் புல்டோக்ஸ்’ என்றார்கள். மேலே இருந்தவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். இவ்வளவு காலமும் அணியைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்த ஆக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஒரு சாதாரண ரசிகை, கழக உறுப்பினர் என்ற முறையில், தன் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பீற்றர் கோர்டன் என்ற, முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த சட்டத்தரணியும் அவரோடு சேர்ந்தவர்களும் வழக்கை நடத்தினார்கள். அதனால் கிடைத்தது மூன்று வார அவகாசம். அதற்குள் சுமார் 15 இலட்சம் டொலர் சேர்க்க வேண்டும். வெஸ்டேர்ண் ஓவலில் கூட்டம் போட்டார்கள். மட்ச் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமார் பத்தாயிரம் பேர் வந்து நின்றார்கள். உண்டியல் குலுக்கினார்கள், வீடு வீடாகப் போனார்கள். காசு சேர்ந்தது, இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. கோர்டன் கழகத்தின் தலைவரானார்.

அந்த வருடம் ஃபுட்ஸ்கிரே 14 அணிகளில் 13வது. பயிற்றுநர் மிக் மோல்ட்ஹவுஸும் பேர்த் அணிக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் வெல்லும் என்ற நம்பிக்கையில் யாரும் காசு போட்டிருக்க ஏலாது. அப்படியென்றால் எதற்குப் போட்டார்கள்? அடுத்த வருடமும் தோற்கட்டும், ஆனால் தோற்பது எங்கட அணியாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் என்று எங்களுக்குப் படுகிறது. ஏன் தோற்றோம் என்று சனிக்கிழமை இரவு கதைப்பதற்கு ஒரு அணி வேண்டும்.

1990 இல் லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுண்லோ பதக்கம் ஃபுட்ஸ்கிரேயின் டொனி லிபரற்றோரிக்குக் கிடைத்தது. ஆள் கட்டை, உயரம் 163 சென்ரிமீற்றர்தான். அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

வாதங்கள்

இனி அவர்கள் எதைப் பற்றிக் கதைத்தார்கள் என்று பார்ப்போம். மூன்று வாதங்கள் போதும்.

முதலாவது 1997. அந்தப் பருவத்தில் கழகம் ‘வெஸ்டேர்ண் புல்டோக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஊர்ப் பெயரை விட்டதே பலருக்கு மனவருத்தம். அதே வருடம் அரையிறுதியில் அடிலெயிட் அணிக்கு எதிராக முன்னிலையில் இருந்தார்கள். கடைசிக் கால்பகுதியில் லிபரற்றோரி ஒரு பந்தை உதைத்துவிட்டு, கோல் என்று நினைத்துக் கையை உயர்த்திக் கொண்டாடினார். நடுவர் கொடுத்தது 1 புள்ளி. கடைசியில் அடிலெயிட் 93, புல்டோக்ஸ் 91. ஆறுக்குப் பதில் ஒன்று கிடைத்தது, தோல்வியோ இரண்டு புள்ளியால். இந்தக் கணக்கை அந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை தரம் போட்டுப் பார்த்திருப்பார்கள்!

இரண்டாவது 2000. எசென்டன் அணி அந்த வருடம் 20 போட்டிகளைத் தொடர்ச்சியாக வென்றிருந்தது. 21வது போட்டி புல்டோக்ஸோடு. பயிற்றுநர் டெரி வொலஸ் வழக்கமான ஒழுங்கைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களில் பெரும்பகுதியைப் பின்னுக்கு இறக்கினார். எசென்டனின் முன்வரிசைக்கு ஓட இடமே இருக்கவில்லை. புல்டோக்ஸ் 11 புள்ளிகளால் வென்றது. சம்பியனான எசென்டன் அந்த வருடம் முழுவதிலும் தோற்ற ஒரே போட்டி அதுதான். வெள்ளம் வந்து நிரம்பியதுபோல ஆட்கள் நிரம்பியதால் இந்த உத்தியை ‘ஃபிளட்’ என்பார்கள். இது புத்தியா, இல்லை விளையாட்டைக் கெடுக்கிற வேலையா? பலவீனமான அணி பலமான அணியின் விருப்பப்படி விளையாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் எல்லாரும் இப்படி ஆடினால் பார்க்க என்ன மிஞ்சும்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. லீக் முழுக்க அந்த வாதம் பல வருடம் ஓடியது.

மூன்றாவது 2014. அணி 14வது இடம். தலைவர் ரயன் கிரிஃபன் தன்னை வேறு கழகத்துக்கு விடச் சொன்னார், பயிற்றுநரும் விலகினார். கிரிஃபனுக்குப் பதிலாக டொம் பொய்ட் என்ற பெடியனைக் கழகம் எடுத்தது. 19 வயது, லீக்கில் ஒரே ஒரு பருவ அனுபவம். ஏழு வருடத்துக்குச் சுமார் 70 இலட்சம் டொலர் ஒப்பந்தம் என்று செய்திகள் வந்தன. உண்டியல் குலுக்கிக் காப்பாற்றிய கழகம் ஒரு பெடியனுக்கு இவ்வளவு காசு கொடுக்கிறதா என்று கேட்டவர்கள் பலர். அவர் தடுமாறிய ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அந்தத் தொகை திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டப்பட்டது.

2016

2016 பருவத்தின் மூன்றாவது போட்டியில் அணித்தலைவர் பொப் மேர்பியின் முழங்கால் தசைநார் அறுந்தது. 2000 இல் இருந்து அந்த அணிக்காக ஆடியவர், இனி அந்த வருடம் இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் காயப்பட்டார்கள். பயிற்றுநர் லூக் பெவரிட்ஜ் இருந்த இளம் பெடியங்களை வைத்து, பந்தை முஷ்டியால் குத்திக் குத்திக் கைமாற்றி, நெரிசலுக்குள் இருந்து வேகமாக வெளியே எடுக்கிற ஆட்டத்தை வளர்த்தார். அது குத்து இல்லை, எறி என்று எதிரணி ரசிகர்கள் குறை சொன்னார்கள்.

லீக் முடிவில் அவர்கள் 7வது. ஏழாவது இடத்தில் இருந்து எந்த அணியும் அதுவரை சம்பியன் ஆனதில்லை. முதலில் பேர்த்துக்குப் போய் வெஸ்ட் கோஸ்ட்டை வென்றார்கள். பிறகு மூன்று வருடம் தொடர்ந்து சம்பியனாக இருந்த ஹோதோர்ன். பிறகு சிட்னிக்குப் போய், கிரிஃபன் சேர்ந்த அதே அணியை 6 புள்ளிகளால் வென்றார்கள். 1985 இல் இருந்து ஏழு தரம் அரையிறுதியில் தோற்ற கழகம் அன்று அதைத் தாண்டியது.

2016 ஒக்டோபர் 1 இறுதிப்போட்டி. எதிரணி முதலிடத்தில் முடித்த சிட்னி. கடைசிக் கால்பகுதியில் பொய்ட் மைதான நடுப்பகுதிக்குக் கிட்ட இருந்து உதைத்த நீண்ட பந்து, ஆளில்லாத இடத்தில் குத்தி, உருண்டு கம்பங்களுக்கு இடையால் போனது. அன்று அவருக்கு மூன்று கோல். புல்டோக்ஸ் 89, சிட்னி 67. 62 வருடத்துக்குப் பிறகு கப். அந்த அணியில் டொம் லிபரற்றோரி என்றும் ஒருவர் இருந்தார். டொனியின் மகன்.

பெவரிட்ஜ் மேடையில் மேர்பியைக் கூப்பிட்டுத் தனக்குக் கிடைத்த பதக்கத்தை அவருடைய கழுத்தில் போட்டுவிட்டார். ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கிடைத்த பதக்கம். மைதானத்தில் இருந்த ரசிகர்களுக்கு அது தங்களுக்கும் போட்டதுபோல இருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

பொய்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் 2019 இல், 23 வயதில், விளையாட்டை விட்டார். மனநல நெருக்கடி பற்றி வெளிப்படையாகப் பேசினார். ‘எங்கட அணி’ என்று உரிமையோடு கதைக்கிறபோது, மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு மனுசன்தான் என்பதை ரசிகர்கள் மறந்துவிடுவதுண்டு. நாங்களும் அப்படித்தான்.

ஃபிட்ஸ்ரோய்க்கு என்ன நடந்தது?

இந்த இடத்தில் கதையை முடித்தால் அது பொய்யாகிவிடும். ரசிகர் அன்பு இருந்தால் கழகம் பிழைக்கும் என்று நாங்கள் எழுதினால், ஃபிட்ஸ்ரோய் ரசிகர்கள் சிரிப்பார்கள்.

ஃபிட்ஸ்ரோய் 1883 இல் தொடங்கியது. லீக்கின் தொடக்கக் கழகங்களில் ஒன்று. எட்டுத் தரம் சம்பியன். ஃபுட்ஸ்கிரேயிடம் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. 1989 இல் இரண்டும் தப்பின. ஆனால் 1996 இல் கடன் முற்றி, ஃபிட்ஸ்ரோய் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது. 1996 செப்டெம்பர் 1 அன்று பேர்த்தில், சொந்த ஊரில் இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி, கடைசிப் போட்டி ஆடியது.

அவர்களுடைய அன்பு குறைவா? இல்லை. ஒரு வித்தியாசம் எங்களுக்குத் தெரிகிறது. ஃபிட்ஸ்ரோய் 1966 ஓடு தன் சொந்த மைதானத்தை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு 30 வருடம் மற்றவர்களுடைய மைதானங்களில் மாறி மாறி ஆடியது. கடைசி மூன்று வருடம் அவர்கள் ஆடிய மைதானம் எது தெரியுமா? ஃபுட்ஸ்கிரேயின் வெஸ்டேர்ண் ஓவல். ஃபுட்ஸ்கிரே ஆக்களுக்கு 1989 இல் ஒன்றுகூட ஒரு இடம் இருந்தது. இங்கே வா என்றால் எங்கே வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அதுமட்டும் காரணம் என்று சொல்லமாட்டோம். காசு, காலம், வழக்கு எல்லாம் இருக்கின்றன. ஆனால் சேர்ந்து நின்று கதைக்க இடமில்லாத சனத்துக்குச் சேர்ந்து போராடுவது எவ்வளவு கஷ்டம் என்பது விளங்குகிறது.

அதனால் மட்சைப் பற்றிக் கதைப்பது வெட்டி வேலையா என்ற கேள்விக்கு எங்கட பதில் இதுதான். அந்தக் கதையால் ஒரு கோலும் விழாது, பயிற்றுநரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வருடக்கணக்காகக் கதைத்துப் பழகிய ஆக்கள்தான், கழகத்தை மூடப்போகிறோம் என்று சொன்ன அன்று ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

2017 இல் சம்பியன் அணி 10வது இடத்துக்கு இறங்கி, இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. ஏன் இப்படி என்று அந்த ஊர் ஆக்கள் மறுபடியும் கதைக்கத் தொடங்கினார்கள்.