பிரென்ட்வுட் பள்ளியின் கணினி வாசிப்புப் பாடம்

தொடக்கப் பள்ளி மாணவருக்குக் கணினி வழியாக வாசிக்கக் கற்பித்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிழக்கு பாலோ ஆல்டோவிலுள்ள பிரென்ட்வுட் பள்ளியில் 1966ஆம் ஆண்டு தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் இதன் வாசிப்புப் பாடத்தை வடிவமைத்தார். கணிதப் பாடம் பாட்ரிக் சுப்பீஸின் பொறுப்பில் இருந்தது. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த, வருமானம் குறைந்த பகுதி அது. முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பாதியினர் கணினியில் வாசிப்பையும், மறு பாதியினர் கணிதத்தையும் கற்றனர். இதனால் ஒரு குழுவை மற்றதுடன் ஒப்பிட முடிந்தது.

பயன்பட்டது ஐபிஎம் 1500 என்னும் கணினி. குழந்தையின் முன் ஒரு திரை, படம் காட்டும் கருவி, ஹெட்போன், ஒளிப்பேனா ஆகியவை இருந்தன. முன்பே பதிவு செய்த குரல் ஒரு சொல்லைக் கூறும்; குழந்தை அச்சொல்லை ஒளிப்பேனாவால் திரையில் தொட வேண்டும். பாடத்தின் ஒரு பகுதி, நம் அரிச்சுவடியின் உயிர்மெய்க் கட்டத்தை நினைவூட்டுவது: ஒரு பக்கம் முதல் எழுத்து, மறு பக்கம் சொல்லின் ஈற்றுப் பகுதி, இரண்டும் சேருமிடத்தில் சொல். குழந்தை தவறினால், பிழை முதலெழுத்திலா ஈற்றிலா என்று கணினி பிரித்தறிந்து அப்பகுதியை மட்டும் மீண்டும் பயிற்றும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவரால் ஒவ்வொருவருக்கும் இவ்வாறு செய்ய இயலாது.

ஆண்டிறுதியில், கணினியில் வாசிப்புக் கற்றவர்கள் வாசிப்புத் தேர்வுகள் பலவற்றில் மற்றக் குழுவை விட முன்னேறியிருந்தனர். மிக விரைவாகச் சென்ற குழந்தைக்கும் மிக மெதுவாகச் சென்ற குழந்தைக்கும் இடையே ஆயிரக்கணக்கான பயிற்சிகள் வேறுபாடு இருந்தது. வழக்கமான வகுப்புகளில் வாசிப்பில் சிறுமியரே முந்துவர். இங்குச் சிறுவர்களும் அவர்களுக்கு இணையான வேகத்தில் சென்றனர்.

ஆயினும் இத்தகைய அமைப்பின் செலவைப் பொதுப் பள்ளிகளால் தாங்க இயலவில்லை. ஆகவே அட்கின்சன் குழுவினர் பின்னர் எளிய வடிவத்துக்கு மாறினர். திரை, படம், ஒளிப்பேனா மூன்றும் கைவிடப்பட்டு, மலிவான டெலிடைப் எந்திரம் வந்தது. கணினி முழுப் பாடத்தையும் நடத்துவதும் நின்றது. நாள்தோறும் சில நிமிடப் பயிற்சி மட்டும் அதற்கு, பொருள் உணர்ந்து படிக்க வைப்பது ஆசிரியருக்கு. ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. எழுத்தறியாத குழந்தைக்கு எழுத்தால் கட்டளை தர முடியாது அல்லவா? டெலிடைப்பின் அருகிலும் ஹெட்போன் இருந்தது.