பெட்டிக்குள் நாலு புத்தகம்

கம்போடியா போவது இப்போது பெரிய விஷயமில்லை. ஐந்து நாள், நாலு ராத்திரி. அங்கோர் வாட்டில் சூரியோதயம், ராத்திரி அப்சரா நடனம், நடுவே இரண்டு வேளை இந்தியச் சாப்பாடு. பேக்கேஜ் பெரும்பாலும் இப்படித்தான். கிளம்புவதற்கு முன்னால் நீங்களும் லிஸ்ட் போடுவீர்கள். விசா, டாலர், தலைவலி மாத்திரை, ஊறுகாய் பாட்டில். ஒரு ஐட்டம் மட்டும் அதில் இருக்காது. புத்தகம்.

'அதான் கைடு சொல்வாரே' என்பீர்கள். சொல்வார், பாவம். அறுநூறு வருஷ ராஜ்யத்தை இரண்டு மணி நேரத்தில், வெயிலில் நின்றுகொண்டு, நீங்கள் போட்டோ எடுக்கும் இடைவெளிகளில் சொல்லவேண்டும். அவரால் ஆனது அவ்வளவுதான். மிச்சத்தை நாம்தான் இங்கிருந்தே சுமந்துகொண்டு போகவேண்டும்.

புத்தகம் எடுத்துப் போகாதவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அதுதான் விசேஷம். ஏற்கெனவே ஒரு கதையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கதை எது தெரியுமல்லவா? 'அங்கோர் வாட்டைக் கட்டினதே ஒரு தமிழ் ராஜாதான்!' செல்போனில் உங்களுக்கும் வந்திருக்கும். பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியும் இருப்பார்கள்.

கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. இல்லாமல் இல்லை. கெமர் எழுத்து, பல்லவ எழுத்தின் வழி வந்தது. நம் ஊரில் மகேந்திரவர்மன் ஆண்ட காலத்தை ஒட்டி அங்கேயும் ஒரு மகேந்திரவர்மன் இருந்தான். கம்போஜ ராஜா நட்பு வேண்டி ஒரு தேரை அனுப்பிவைத்த சேதி, ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேட்டில் இருக்கிறது. குலோத்துங்கனுக்கு ஒரு கம்போஜ அரசன் காட்டிய கல்லைச் சிதம்பரம் கோயிலில் வைத்ததாக அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது.

எல்லாம் சரி. ஆனால் தேர் அனுப்பினவன் வேறு, கோயில் கட்டினவன் வேறு. ராஜேந்திரன் காலத்து கெமர் ராஜா முதலாம் சூரியவர்மன். அங்கோர் வாட்டை எழுப்பியது, 1113-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சூரியவர்மன். நடுவே சுமார் நூறு வருஷம். இரண்டு பேருமே கெமர்கள். அவர்களுடைய கல்வெட்டுகள் சம்ஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் இருக்கின்றன. பரிசு கொடுத்தவனை நம் ஆள் என்று வரவில் வைத்துக்கொள்ள எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடமில்லை.

'பெருமைக்குச் சொல்றோம், விட்டுட்டுப் போங்களேன்' என்கிறீர்களா? விடலாம். ஆனால் 2003 ஜனவரியில் நாம்பென்னில் நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தாய்லாந்து நடிகை ஒருவர், 'அங்கோர் வாட் எங்களுக்குச் சொந்தம்' என்று சொல்லிவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தார். யார் கேட்டார்கள்? ஜனவரி 29-ஆம் தேதி கூட்டம் திரண்டு தாய்லாந்து தூதரகத்தையே கொளுத்திவிட்டது. தாய்லாந்துக்காரர்களின் ஹோட்டல்களும் அலுவலகங்களும் நாசமாயின. ராணுவ விமானம் அனுப்பித் தன் மக்களை மீட்டுக்கொண்டு போனது தாய்லாந்து. 2025-இல் எல்லையோரப் பழங்கோயில்களை ஒட்டி இரண்டு நாட்டு ராணுவங்களும் மோதிக்கொண்டன. அந்த ஊரில் கோயில் என்பது வெறும் கல் அல்ல. தேசியக் கொடியின் நடுவிலேயே அங்கோர் வாட்தான் இருக்கிறது. அங்கே போய் நின்று, 'எங்காளு கட்டினது' என்று கைடிடம் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

சரி, எதைப் படிப்பது?

1944-ஆம் வருஷம் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று நம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி வெளியிட்டது. வங்காளத்து சரித்திர ஆசிரியர் ஆர்.சி. மஜும்தார் இங்கே வந்து ஆற்றிய சொற்பொழிவுகளின் தொகுப்பு. பெயர், 'கம்புஜ தேசம்'. துணைத் தலைப்பிலேயே அதைப் பழைய ஹிந்துக் காலனி என்று சொல்லிவிட்டார். இன்னொன்று ஹனாயில் வெளியானது. எழுதியவர் ஜார்ஜ் செடெஸ் என்கிற பிரெஞ்சுக்காரர். ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போனானே, ஸ்ரீவிஜயம், அப்படி ஒரு ராஜ்யம் இருந்ததை 1918-இல் அடையாளம் காட்டியவர் இவர்தான். அவருடைய தலைப்பில் இருந்தது, 'ஹிந்துமயமான ராஜ்யங்கள்'.

இருவருமே மேதைகள். ஆனால் எழுதிய காலத்தைப் பாருங்கள். மஜும்தாரின் தேசம் வெள்ளைக்காரனிடம் அடிமையாகக் கிடந்தது. 'ஒரு காலத்தில் நாங்களும் காலனி வைத்திருந்தோமாக்கும்' என்று சொல்லிக்கொள்வது அன்றைக்கு ஒரு மருந்து. செடெஸின் தேசமோ கம்போடியாவையே ஆண்டுகொண்டிருந்தது. நாகரிகம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைப்பது ஆள்பவனுக்குச் சௌகரியம். இரண்டு கதையிலும் கெமர்காரன் வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் நிற்கிறான். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். இந்தியப் படை எதுவும் அங்கே போய் ஊரைப் பிடிக்கவில்லை. வணிகர்களும் பிராமணர்களும் கொண்டுபோனவற்றில் தங்களுக்கு வேண்டியதை அந்த ஊர்த் தலைவர்கள் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள், தங்கள் இஷ்டத்துக்கு மாற்றியும் கொண்டார்கள். அங்கத்திய ராமாயணமான 'ரீம்கேர்' இதற்கு நல்ல சாட்சி. அதில் அனுமார் ஒரு கடல்கன்னியிடம் மனசைப் பறிகொடுக்கிறார். கம்பன் வழி வந்த நமக்கு லேசாகத் தூக்கிவாரிப் போடும். போடட்டும்.

ஆகவே முதல் பாடம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, வருஷத்தைப் பாருங்கள். யார் எழுதினார், எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று பாருங்கள். நான் படித்தது பி.காம். ஐந்தொகையில் தேதி இல்லையென்றால் அது செல்லாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சரித்திரத்துக்கும் அதே சட்டம்தான்.

இந்த விதிப்படி பார்த்தால், பொதுச் சரித்திரத்துக்கு டேவிட் சாண்ட்லரின் 'எ ஹிஸ்டரி ஆஃப் கம்போடியா'. 1983-இல் வந்தது. நாலாம் பதிப்பு 2007-இல். ஆரம்பத்திலிருந்து போல் பாட் வரைக்கும், அதற்கு அப்புறமும், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். புதிய பதிப்புக்கும் ஒரு பின்னிணைப்பு தேவைப்படுகிறது. 2012-இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி, காட்டுக்கு அடியில் மறைந்துகிடந்த தெருக்கள், குளங்கள், வீட்டு மேடுகளை அளந்தார்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வு, அங்கோர் உச்சத்தில் இருந்தபோது 7 முதல் 9 லட்சம் பேர் வாழ்ந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. நீங்கள் பார்க்கப்போவது காட்டு நடுவே ஒரு கோயிலை அல்ல. ஒரு மாநகரத்தின் மிச்சத்தை.

அந்த மாநகரத்தில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள்? அதற்குத்தான் இரண்டாவது புத்தகம். சௌ தாகுவான் என்கிற சீனர், தூதுக்குழுவோடு 1296 ஆகஸ்டில் அங்கோருக்கு வந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கி, பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். மெலிசான புத்தகம். பீட்டர் ஹாரிஸ் சீன மூலத்திலிருந்து நேராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2007-இல் வந்தது. ராஜா ஊர்வலமும் உண்டு, கடைத்தெருவும் உண்டு. வியாபாரமெல்லாம் பெண்கள் கையில் என்கிறார். கடை என்று கட்டடம் கிடையாது, தரையில் பாயை விரித்து உட்காருவார்கள், அந்த இடத்துக்கு அதிகாரிகளுக்கு வாடகை கட்டவேண்டும் என்கிறார். நம் ஊர் சந்தைக் குத்தகை மாதிரி இல்லை? கோயில் சுவரில் கிடைக்காத சங்கதிகள் இவை. ஆனால் அவரும் வெளியூர்க்காரர்தான். இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே நினைத்தவர். கேள்விப்பட்டதையும் கண்ணால் பார்த்ததையும் கலந்துகட்டி எழுதியிருக்கிறார். உப்பைத் தனியே வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

'அங்கோரைக் கண்டுபிடித்தவர் ஆன்ரி மூஓ' என்று ஆரம்பிக்கிற புத்தகமாக இருந்தால் சட்டென்று மூடிவிடலாம். அவர் வந்தது 1860-இல். பத்து வருஷம் முன்பே இன்னொரு பிரெஞ்சுப் பாதிரியார் வந்து போய்விட்டார். 1632-இல் ஒரு ஜப்பானிய யாத்ரீகர் வந்து, இதுதான் புத்தரின் ஜேதவனம் என்று நினைத்துக்கொண்டு, தூணில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அட, அங்கோர் வாட்டில் பிட்சுக்கள் குடியிருந்துகொண்டேதான் இருந்தார்கள். விளக்கு எரிகிற வீட்டை எப்படிக் 'கண்டுபிடிப்பது'?

இதுவரை சொன்ன பெயர்களில் ஒரு கம்போடியர்கூட இல்லை, கவனித்தீர்களா? ஏன் இல்லை என்பதுதான் மூன்றாவது புத்தகம்.

1975 ஏப்ரல் 17. கெமர் ரூஜ் படை நாம்பென்னுக்குள் நுழைந்தது. நகரத்தையே காலி செய்து ஜனங்களை வயலுக்குத் துரத்தினார்கள். பணம், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் ரத்து. படித்தவன் என்று தெரிந்தாலே ஆபத்து. தேசிய நூலகத்தின் வளாகத்தில் பன்றி வளர்த்தார்கள். புத்தகங்களைத் தெருவில் எறிந்தார்கள். 1979 ஜனவரி 7 வரைக்கும், மூன்று வருஷம் எட்டு மாதத்தில், 80 லட்சம்கூட இல்லாத ஜனத்தொகையில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் செத்துப்போனார்கள். எழுதியிருக்கவேண்டிய ஒரு தலைமுறை அதில் போய்விட்டது.

பிழைத்தவர்கள் எழுதினார்கள். ஹயிங் ங்கோர் ஒரு டாக்டர். டாக்டர் என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று மறைத்தே வாழ்ந்தவர். பிரசவத்தில் மனைவி கண்ணெதிரே சாகும்போதும் அவரால் வைத்தியம் செய்ய முடியவில்லை. 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். அவர் சுயசரிதை 1987-இல் வந்தது. வான் நாத் ஓர் ஓவியர். பள்ளிக்கூடமாக இருந்து சித்திரவதைக் கூடமான துவால் ஸ்லெங் சிறையில், போல் பாட்டின் படத்தை நன்றாக வரைந்தார் என்பதற்காக உயிரோடு விடப்பட்டவர். அவர் புத்தகம் 1998-இல் வந்தது. அந்தச் சிறை இப்போது மியூசியம். 2025-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே போவதற்கு முந்தைய நாளாவது இந்த இரண்டில் ஒன்றைப் படித்திருங்கள். இல்லாவிட்டால் அது நாலு காலி அறை, கொஞ்சம் கறுப்பு வெள்ளைப் போட்டோ. அவ்வளவுதான்.

நாலாவது புத்தகம் எது? அதைச் சொல்ல, ஏகத்துக்கும் படித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மால்கம் கால்டுவெல். ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் புரொபசர். தென்கிழக்கு ஆசியாவைக் கரைத்துக் குடித்தவர். அமெரிக்கா கம்போடியாவின்மீது 5 லட்சம் டன் குண்டைக் கொட்டியதும், அதில் ஒரு பகுதியை ரகசியமாகச் செய்ததும் நிஜம். அப்படிப்பட்டவர்கள் கெமர் ரூஜைக் குறை சொன்னால் நம்பத் தோன்றுமா? கால்டுவெல் நம்பவில்லை. 1977-இலேயே பிரான்ஸுவா போன்ஷோ என்கிற பாதிரியார், கம்போடியாவில் பத்து வருஷம் வாழ்ந்தவர், அகதிகளின் வாக்குமூலங்களை வைத்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். கால்டுவெல் அதையும் சந்தேகப்பட்டார். அவருக்குப் பிடித்தது, கெமர் ரூஜ் தலைவர் கியூ சாம்பான் 1959-இல் பாரிஸில் சமர்ப்பித்த பொருளாதார ஆய்வேடு மாதிரியான சமாசாரங்கள். காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது.

1978 டிசம்பரில் இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்களோடு அவரும் கம்போடியாவுக்கு அழைக்கப்பட்டார். 22-ஆம் தேதி போல் பாட்டைச் சந்தித்துப் பேசினார். சந்தோஷமாகத் திரும்பினார். அன்றைக்கு ராத்திரி, விருந்தினர் மாளிகையில், அவர் அறையில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். யார், எதற்காக என்பது இன்றைக்கும் விவாதம்தான். அவர் மெச்சிய ஆய்வேட்டை எழுதிய கியூ சாம்பானுக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக 2018-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2022-இல் அப்பீலும் தள்ளுபடியானது.

கூடப் போன இரண்டு பேரில் ஒருவர் எலிசபெத் பெக்கர். உயிரோடு திரும்பி, வருஷக்கணக்காக விசாரித்து, 'வென் த வார் வாஸ் ஓவர்' என்று 1986-இல் எழுதினார். ஒரே விமானம், ஒரே மாளிகை, அதே போல் பாட். ஆனால் அந்த அம்மாள் கூடவே கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அந்தப் புத்தகம்தான் நாலாவது என்று வைத்துக்கொள்ளலாம். வேறு தேசத்துக்குப் போகிறீர்கள் என்றால், நீங்கள் ஏற்கெனவே நம்புகிற விஷயத்தை மறுக்கிற புத்தகம் எதுவோ, அது. ரஷ்யாவானாலும் சரி, பக்கத்திலிருக்கிற இலங்கையானாலும் சரி. ஒரு பொதுச் சரித்திரம், அந்தக் காலத்துச் சாட்சி ஒருத்தர், அந்த மண்ணின் மனுஷர் ஒருத்தர், உங்களோடு சண்டை போடுகிற ஒருத்தர். பெட்டியில் இரண்டு கிலோகூட ஏறாது.

டிக்கெட் எடுத்த அன்றைக்கே சாண்ட்லரை ஆரம்பித்துவிடுங்கள். சௌ தாகுவானை விமானத்தில் வைத்துக்கொள்ளலாம். சியெம் ரீப்பில் இறங்கியதும் முதலில் கோயிலுக்கு ஓடாதீர்கள். காலையில் கொஞ்சம் சந்தைப் பக்கம் போய், கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.