செங்கல்பட்டு, மாமல்லபுரக் கரையோரம்: புகைப் பழக்கத்தில் தலைமுறை வேறுபாடுகள்

மின்கலத்தின் ஆற்றலால் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டு நிகோட்டின் கலந்த திரவத்தை ஆவியாக்கி உள்ளிழுக்கும் வழக்கம், இளைஞரிடையே ‘வேப்’ என்று வழங்குவது, செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதன் கடற்கரையாகிய கோவளம், மாமல்லபுரம் பகுதிகளிலும் எத்தன்மையது என்பதை அறிய விரும்புவோர், இதே பிரதேசத்தில் அவ்விளைஞருடைய பாட்டனாரும் தந்தையரும் புகையிலையைக் கையாண்ட விதத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஏனெனில், மூன்று சந்ததிகளையும் அடிமைப்படுத்திய வஸ்து ஒன்றே. மாறி வந்தது, அது பிறர் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும் அளவே.

போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை, பழனி முருகனிடம் தூது அனுப்பத்தக்க பொருளாகச் சீனிச் சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ என்னும் பிரபந்தத்தில் இடம்பெறுமளவுக்குத் தமிழர் வாழ்வில் வெளிப்படையாகக் கலந்திருந்தது. முதல் தலைமுறையின் வழக்கமும் அவ்வாறே ஒளிவுமறைவற்றது. கரையில் வலை பழுது பார்ப்போர் வாயில் சுருட்டும், உளி பிடித்தோர் காதிடுக்கில் பீடியும், மூதாட்டியரின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையும் இருந்தால், அதை ஒருவரும் குற்றமாகக் கருதியதில்லை. சுருட்டுக்குத் திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும், பீடிக்குக் குடியாத்தமும் திருநெல்வேலிச் சீமையும் பெயர் பெற்றிருந்தன. மாமல்லபுரத்துச் சிற்பிகளைப் பற்றி இங்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களது கலையின் மூலப்பொருளான கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் உண்டு. அதன் நுண்துகளை நாள் முழுதும் சுவாசிக்கும் நுரையீரலுக்குப் பீடிப் புகை இரட்டைச் சுமையாயிற்று. ஒரு மரபு முழுவதும் அறியாமல் சுமந்த இத்துன்பம் இன்னும் போதிய கவனம் பெறவில்லை என்பது எமது கருத்து.

இரண்டாம் தலைமுறைக்குச் சிகரெட் வந்தது. திரைப்படம் அதற்கு ஒரு கம்பீரத்தையும் தந்தது. 1970-களின் பிற்பகுதியில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டில் பிடித்த பாணியைப் பயின்று பார்க்காத வாலிபர் அன்று அபூர்வம். ஆயினும் பெரியவர் எதிர்ப்பட்டால் கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பது இத்தலைமுறையின் மரியாதை. பெட்டிக்கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்றவைத்துத் தம் அடித்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது கடைக்காரருக்குத் தெரியும். சட்டையில் படிந்த வாசனையைத் தாய் அறிவாள். இவ்விரு காவல்களும் பிள்ளையை முற்றிலும் தடுத்துவிட்டன என்பதற்கில்லை. ஆனால் செய்தி வீட்டுக்கு எட்டியது. சட்டத்தின் காவல் பின்னரே வந்தது: 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாதோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள்ளும் புகையிலை விற்பதைத் தடுத்தது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தலுக்கான விதிகள் கடுமையாயின. இத்தனைக்கும் பிறகு, வயது வந்தோரிடையே எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் புகையிலைப் பயன்பாடு 2009–10-இல் 34.6 சதவீதமாக இருந்து 2016–17-இல் 28.6-ஆகக் குறைய, தமிழ்நாட்டிலோ அது 16.2-இலிருந்து 20.0 சதவீதமாக உயர்ந்தது.

மூன்றாம் தலைமுறையின் கருவியை 2003-இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர். இந்தியாவில் அது தடையின்றி விற்ற காலத்தில், சிகரெட்டை விட்டொழிக்க வழி தேடிய நடுவயதினரும், மென்பொருள் அலுவலகங்களில் பணியாற்றியோருமே அதை நாடினர். திரவத்தைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பெரிய கருவி அவர்களுடையது. 2015-க்குப் பின் பரவிய ‘நிகோட்டின் உப்பு’ இந்நிலையை மாற்றிற்று. பென்சாயிக் அமிலம் சேர்வதால் தொண்டை எரிச்சல் தணிய, ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும் உக்கிரமான அளவைக்கூட, ஒருநாளும் பீடி தொடாத சிறுவனும் இருமாமல் இழுக்கலாயினான். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சவரம்பு 20 மில்லிகிராமே. மூத்தவர் ஒரு பழக்கத்தைக் கைவிட இக்கருவியை எடுத்தனர். இளையவரோ மாம்பழச் சுவையிலும் புதினாச் சுவையிலும் பழக்கத்தை இதிலேயே தொடங்குகின்றனர். தலைமுறை வேறுபாடுகளுள் இதுவே பிரதானமானது.

தமிழக அரசு 2018 செப்டம்பரில் இக்கருவியைத் தடை செய்தது. மத்திய அரசின் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18 அன்று பிறந்து, அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. செங்கல்பட்டு தனி மாவட்டமாக உதயமானது 2019 நவம்பர் 29 ஆகையால், இம்மாவட்டம் இருந்துவரும் காலம் முழுவதும் இப்பொருளின் விற்பனை குற்றமே: முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். தடைக்குப் பின் இவ்வணிகம் பெட்டிக்கடையை விட்டு அலைபேசிக்குள் புகுந்தது. ஆகவே தெருவறிந்த கடைக்காரர் என்னும் காவலர் மறைந்தார். நெருப்பும் சாம்பலும் இல்லை. எஞ்சுவது மிட்டாயின் நறுமணம் மட்டுமே ஆதலால் தாயின் காவலும் பயனற்றுப் போயிற்று. காட்டாங்குளத்தூர் முதல் கேளம்பாக்கம் வரை கல்லூரிகளும் விடுதிகளும் நெருங்கிய இம்மாவட்டத்தில், வீட்டை விட்டு வந்து தங்கும் பிள்ளைகளுக்கு அது முன்னரே தொலைவிலிருந்த காவல். 2019-இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடம் எடுத்த ஆய்வில் 2.8 சதவீதத்தினர் இக்கருவியை ஒரு முறையேனும் இழுத்திருந்தனர்.

கள்ளச் சந்தைத் திரவத்தில் என்ன கலந்துள்ளது என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. அமெரிக்காவில் 2019-இல் கஞ்சாச் சத்து கலந்த ‘வேப்’ எண்ணெயில் வைட்டமின் ஈ அசிட்டேட்டைச் சேர்த்ததுடன் நெருங்கிய தொடர்புடைய நுரையீரல் நோயால், 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு 68 பேர் மாண்டனர். கலப்படமற்ற நிகோட்டினும், இருபத்தைந்து பிராயம் வரை வளர்ச்சியுறும் மூளையின் கவனத்தையும் தன்னடக்கத்தையும் பாதிக்க வல்லது.

சிகிச்சையிலும் தலைமுறை வேறுபாடு குறுக்கிடுகிறது. “பீடி, சிகரெட் உண்டா?” என்று மருத்துவர் வழக்கப்படி கேட்கும்போது, இளைஞன் “இல்லை” என்று சொல்வது பொய்யாகாது, ஆகையால் ‘வேப்’ என்ற பெயரையே சொல்லிக் கேட்பது அவசியம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணாகிய 1800-11-2356-இல் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.